நாற்பதில் மூன்று

நாக்னெக், அலாஸ்கா
ஏப்ரல் 9, 1973

எம்மெட்,

மே மாதக் கரடி வேட்டைக்கு நான் முகாமுக்கு வரவில்லை. வராதே என்று சொன்னது நீதான். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு யாராவது கேட்டால் "தங்கச்சி வெர்னா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்பாய். ஊரும் நம்பிவிடும்.

நடந்தது இதுதான். பெல்ஹேவன் கம்பெனிக்காரர்கள் உனக்குப் பன்னிரண்டு புது ரைஃபிள்களை இனாமாக அனுப்பினார்கள். பதிலுக்கு, உன் முகாமின் வழிகாட்டிகள் எல்லாரும் அதைத்தான் தோளில் மாட்ட வேண்டும். வேட்டைக்கு வருகிறவர்களோடு எடுக்கும் படங்களில் அது தெரிய வேண்டும். நான் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சரளைத் திட்டுக்குப் போனேன். மழையும் ஆலங்கட்டியும் கலந்து முகத்தில் அடித்த நாள். நாற்பது தோட்டா சுட்டேன். முப்பத்தேழு ஒழுங்காகப் போயின. மூன்று முறை, சுட்டுவிட்டு போல்ட் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தபோது தோட்டாவின் வெற்று உறை குழலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. போல்ட் மட்டும் வெறுமனே வந்தது. அது தெரியாமல் முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா போய் அந்த உறையின் முதுகில் முட்டி நிற்கும். அதற்குப் பிறகு அது துப்பாக்கி இல்லை, தடி.

தேதி, மழை, எண்ணிக்கை எல்லாம் எழுதி உன் கையில் கொடுத்தேன். நீ அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி, "நாப்பதுல மூணுதானே? நம்ம சமையல்காரர் ரொட்டிய அதைவிட அதிகமா கருக்குறாரு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் வழிகாட்டி ஓரினும் சிரித்தான்.

ரொட்டி கருகினால் வேறு ரொட்டி சுட்டுக்கொள்ளலாம், எம்மெட்.

பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றும் சொன்னாய். என் ரைஃபிள் நம் வீட்டுச் சொத்து இல்லை. சியாட்டிலுக்கு மூட்டை கட்டிய ஒரு நில அளவைக்காரனிடம், சுமை குறையட்டும் என்று அவன் விற்றதை வாங்கினேன். கட்டையில் படகுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். வார், ஹாலிபட் மீன் பிடிக்கிற கயிறு. அதற்கு நான் பேர் வைக்கவில்லை. ஆனால் அதன் போல்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் கொக்கி இருக்கிறது. தோட்டா மேலே எழும்பும்போதே அதன் விளிம்பைக் கவ்வும். சுட்ட பிறகு வெளியே எறிகிற வரைக்கும் விடாது. புதியதில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவு தகடு. செய்வது சுலபம், விலையும் குறைவாம். கம்பெனிக்கு நல்லதுதான்.

கரடி பத்தடியில் நிற்கும்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். இழுத்தால் வர வேண்டும். தள்ளினால் போக வேண்டும். நாளைக்கே ஒரு புது ரைஃபிள் மழையில் நாற்பதுக்கு நாற்பது சுட்டுக் காட்டட்டும், இந்தப் பச்சைக் கட்டையை அடுப்பில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் மாட்டேன்.

என் மழைக் கால்சட்டையும் தொலைநோக்கியும் மேல் குடிசையில் இருக்கின்றன. கிளீவ் தபால் விமானத்தில் வரும்போது கொடுத்தனுப்பு.

வெர்னா


காரிபூ ஆற்று முகாம்
ஏப்ரல் 24, 1973

வெர்னா,

ஏரியில் பனி இன்னும் உடையவில்லை. கிளீவ் விமானத்துக்குச் சறுக்குக்கட்டை மாட்டித்தான் இறங்குகிறான். உன் கால்சட்டையும் தொலைநோக்கியும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. கால்சட்டையில் முழங்கால் கிழிந்திருந்தது, நான்தான் ஒட்டுப் போட்டேன். நன்றி சொல்ல வேண்டாம்.

நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. நானும் இருபத்திரண்டு வருஷமாகக் கரடி பின்னால் நடக்கிறவன்தான். ஆனால் நீ ரைஃபிளைச் சேற்றில் புரட்டி எடுத்துவிட்டுச் சுட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உன்னை எனக்குத் தெரியும். ஒன்று பிடிக்கவில்லை என்றால், அது உடைகிற வரைக்கும் விடமாட்டாய். நம் அம்மாவின் தையல் மெஷினைக் கேட்டால் சொல்லும்.

அந்தத் தாளை எல்லார் முன்னாலும் நீட்டினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தனியாக வந்து சொல்லியிருக்கலாம். போன இலையுதிர் காலத்தில் எத்தனை பேர் வேட்டைக்கு வந்தார்கள்? நான்கு பேர். கம்பெனிக்காரர்கள் அவர்கள் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் நம் முகாமைப் போட்டார்கள். இந்த மே மாதத்துக்கு ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. ரைஃபிளும் மோசமில்லை. அரை பவுண்டு எடை குறைவு. துரு ஏறாது. ஓரினுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, தோளில் வைத்ததே தெரியவில்லை என்கிறான்.

நீ வழக்கமாகப் போகிற மேல் ஓடைக்கு ஓரினை அனுப்புகிறேன். ஒஹையோவிலிருந்து வெக்ஸ்லர் என்று ஒரு பல் டாக்டர் அவனோடு வேட்டைக்கு வருகிறார். உன் ஓடையை அவர் நன்றாகத்தான் பார்ப்பார்.

மனம் மாறினால் ரேடியோவில் செய்தி சொல். அந்த ரைஃபிளைத் தோளில் மாட்டினால் போதும், சுடக்கூட வேண்டாம்.

எம்மெட்


காரிபூ ஆற்று முகாம்
மே 23, 1973

வெர்னா,

ரேடியோவில் கேட்டிருப்பாய். அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் வெக்ஸ்லர் மேல் ஓடையில் ஒரு ஆண் கரடியைச் சுட்டார். குண்டு பின்னால் தள்ளிப் பட்டது. கரடி ஆல்டர் புதருக்குள் போய்விட்டது. காயம்பட்டதை விட்டுவிட்டு வர முடியாதே. டாக்டரை மேட்டில் நிறுத்திவிட்டு ஓரின் கரடியின் பின்னாலேயே இறங்கினான். ஒரு வெடிச் சத்தம் கேட்டதாம். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் ஓரின் கத்தினான். டாக்டர் மேலிருந்து சுட்டுக்கொண்டே ஓடி வந்தார். கரடி ஓரினை விட்டுவிட்டு இருபது கஜம் போய் விழுந்து செத்தது. அந்த மனிதரை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன். தன் சட்டையைக் கிழித்து அவர் கட்டுப் போட்டதால்தான் ஓரின் உயிரோடு இருக்கிறான்.

ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டன. முன்கை எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. தலையில் எத்தனை தையல் என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியிலிருந்து பிரெஸ்காட் என்பவர் பறந்து வந்தார். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசுகிறார். ஓரின் பதற்றத்தில் போல்ட்டை முழுக்க இழுக்காமல் பாதியிலேயே தள்ளிவிட்டான் என்கிறார். அப்படி நடக்கும், வெர்னா. நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். அவர் எழுதிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. ஏப்ரலில் நீ கொடுத்த தாள் என்னிடம் இல்லை. சட்டையோடு துவைத்துவிட்டேன். உன்னிடம் பிரதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருந்தால் அதை இப்போது வெளியே எடுக்காமலிருப்பது எல்லாருக்கும் நல்லது.

நான் ஒழுங்காகத் தூங்கி நாலு நாள் ஆகிறது.

எம்மெட்


ஆங்கரேஜ்
ஜூன் 2, 1973

எம்மெட்,

ஓரினைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீ இன்னும் வந்து பார்க்கவில்லை என்று அவன் மனைவி தெல்மா சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலையில் பாதிக்கு முடி இல்லை. என்னைப் பார்த்ததும், "உன் ஓடைய நல்லா பாத்துக்கிட்டேன், வெர்னா" என்றான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்ததால் நிறுத்திக்கொண்டான்.

நான் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆறு காலடி தூரத்துல எந்திரிச்சுச்சு. மொதல் குண்டு நெஞ்சுல போட்டேன். பட்டுச்சு, எனக்குத் தெரியும். போல்ட்ட இழுத்தேன். முழுசா இழுத்தேன், வெர்னா. கட்டைவிரல் முட்டி என் கன்னத்துல இடிச்சுச்சு, பாரு, இன்னும் கன்னிப்போயிருக்கு. உறை வெளிய விழல. விழுற சத்தம் எனக்குக் கேக்கணும்ல, கேக்கல. அதுக்குள்ள கை தானா தள்ளிருச்சு. முட்டிக்கிச்சு. அப்புறம் துப்பாக்கியத்தான் அதோட வாயில குடுத்தேன்."

"பிரெஸ்காட்கிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னேன். தலைய தலைய ஆட்டி எழுதிக்கிட்டாரு. அப்புறம் எழுதுனத எங்கிட்ட படிச்சுக் காட்டினாரு. அதுல நான் சொன்னது எதுவும் இல்ல."

அந்த அறிக்கையில்தான் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உனக்கு இது தெரியுமா தெரியாதா, நான் கேட்கவில்லை. உனக்கே தெரியும்.

அந்த அறிக்கையால் என்ன ஆகப்போகிறது என்றும் தெரிந்துகொள். காயம்பட்ட கரடியின் பின்னால் போகும்போது கவனக்குறைவாக இருந்தான், வேட்டைக்கு வந்தவரை ஆபத்தில் விட்டான் என்று ஓரினின் வழிகாட்டி உரிமத்தை எடுத்துவிடப் போகிறார்கள். செப்டம்பர் 14 அன்று உரிமக் குழுவில் விசாரணை. விரல் போனவனுக்கு உரிமமும் போனால் அவன் எங்கே போவான்? மீன் பதனிடும் கம்பெனியில் விரலில்லாத கைக்கு வேலை கொடுக்க மாட்டார்கள். நான் அங்கே வேலை செய்கிறவள், எனக்குத் தெரியும்.

பிரதி என்னிடம் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் உன் தாளில் பார்த்து எழுதினேன். செப்டம்பர் 14 அன்று அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஓரினோடு இருந்த ரைஃபிள் உன்னிடம்தானே இருக்கிறது? கம்பெனி கேட்கும். கொடுக்காதே.

வெர்னா


காரிபூ ஆற்று முகாம்
ஜூன் 20, 1973

வெர்னா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் பதில் எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

நீ அங்கே போய்ப் பேசினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கம்பெனி என்னைக் கைவிடும். பத்திரிகையில் வந்த பக்கம் போகும். இலையுதிர் காலத்துக்கு வருகிறேன் என்ற எட்டுப் பேரும் போவார்கள். முகாமில் வேலை செய்கிற ஐந்து குடும்பம் போகும். அதில் ஓரின் குடும்பமும் ஒன்று. முகாமே இல்லாதபோது அவன் உரிமத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான், சுவரில் மாட்டுவானா?

உனக்கும் ஒன்று இருக்கிறது. பிரெஸ்காட் நேரடியாகவே சொன்னார்: "உங்க தங்கச்சிய ஏப்ரல்ல வேலைய விட்டு அனுப்பிட்டீங்க. அந்த எரிச்சல்ல பேசுறாங்கன்னு நாங்க கேக்க வேண்டியிருக்கும். பெண்பிள்ளை வேற. அவங்களுக்குத்தான் கஷ்டம்." அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

அதனால் இப்படிச் செய்வோம். நீ செப்டம்பரில் முகாமுக்கு வா. தலைமை வழிகாட்டியாக வா. எந்த ரைஃபிளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், படகுப் பெயிண்ட் அடித்ததானாலும் சரி. படத்துக்கு நிற்க வேண்டாம். ஓரினுக்கு உரிமம் போனாலும் நான் வேலை தருகிறேன். சமையலறை இருக்கிறது, படகு இருக்கிறது, ஏதாவது செய்வான். அவனைத் தெருவில் விடுகிறவன் இல்லை நான்.

நீ சொன்னது சரி என்று நிரூபிக்கவா இத்தனையும்? சரி, நீ சொன்னதுதான் சரி. போதுமா?

எம்மெட்


நாக்னெக்
ஜூலை 1, 1973

எம்மெட்,

போதாது.

சால்மன் மீன் ஆற்றில் ஏறிவிட்டது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் நிற்கிறேன், கையெல்லாம் செதில். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தலைமை வழிகாட்டி வேலை வேண்டாம். நான் சொன்னது சரி என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம், குழுவுக்குச் சொல். ஓரினைச் சமையலறையில் உட்காரவைப்பேன் என்று இன்னொரு முறை எழுதாதே. பதினான்கு வருஷம் உன்னோடு நடந்தவன் அவன்.

எரிச்சலில் பேசுகிறாள் என்று பிரெஸ்காட் சொல்வாரா, சொல்லட்டும். எரிச்சல் இருக்கிறது, ஒத்துக்கொள்வேன். எரிச்சல் இருந்தால் எண்ணத் தெரியாமல் போய்விடுமா? ஒரு மணி நேரத்தில் இந்தக் கையால் எத்தனை மீன் அறுக்கிறேன் என்று எண்ணித்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீ என்னை நம்ப வேண்டாம், பிரெஸ்காட்டையும் நம்ப வேண்டாம், ஓரினையும் நம்ப வேண்டாம். மழை பெய்கிற நாளில் அந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டு சரளைத் திட்டுக்குத் தனியாகப் போ. நாற்பது தோட்டா சுடு. சேற்றில் புரட்டாதே. போல்ட்டை முழுக்க இழு. யாரும் பார்க்க மாட்டார்கள், நீ பொய் சொல்ல வேண்டிய ஆளே அங்கே இருக்க மாட்டான்.

அதைச் செய்யாமல் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

வெர்னா


காரிபூ ஆற்று முகாம்
ஆகஸ்ட் 19, 1973

வெர்னா,

செய்துவிட்டேன். அதனால் பிரி.

ஜூலை முழுக்கச் செய்யவில்லை. மழை பெய்த நாளில் படகில் வேலை இருந்தது. படகில் வேலை இல்லாத நாளில் வெயில். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை தென்மேற்கிலிருந்து நல்ல மழை. வேலையும் இல்லை. போனேன்.

போகும் முன்பே ரைஃபிளைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். எனக்குச் சாக்கு எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது என்று. இருபது தோட்டா ஒழுங்காகப் போயிற்று. இருபத்தொன்று, இருபத்திரண்டு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை. உனக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன், நல்ல நல்ல வாக்கியமாக வந்தது. இருபத்து மூன்றாவது சுட்டேன், இழுத்தேன். போல்ட் வெறுமனே வந்தது.

நான் அவசரப்படவில்லை. எதிரில் கரடி இல்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். துடைக்கிற கம்பியை முன்பக்கமாக விட்டுக் குத்தித்தான் உறையை வெளியே எடுத்தேன். உறையின் விளிம்பில் ஒரு கீறல். அந்தச் சின்னத் தகடு வழுக்கிய கீறல். பிறகு முப்பத்தி நாலாவதும் அப்படியே. கூடாரத்துக்கு வந்து காயவைத்துத் துடைத்துவிட்டு மறுபடி போனேன். ஒன்பதாவதிலேயே சிக்கியது.

அங்கேயே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓரின் கன்னத்தில் கன்னிப்போயிருந்தது என்று நீ எழுதியிருந்தாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முழுக்க இழுத்தால்தான் முட்டி கன்னத்தில் இடிக்கும். எனக்கு அது ஜூனிலேயே தெரியும். படித்ததும் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

நேற்று கிளீவ் வந்தான். பிரெஸ்காட்டிடமிருந்து கடிதம்: அந்த ஒரு ரைஃபிளை மட்டும் சோதனைக்காகத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். கிளீவ் கையை நீட்டினான்.

"எங்க, குடு. காத்து மாறுறதுக்குள்ள கிளம்பணும்."

"இல்ல. அது போகல."

"கம்பெனிக்காரர் ரெண்டு தடவை ரேடியோவுல கேட்டாரு, எம்மெட்."

"ஆத்துல விழுந்துருச்சுன்னு சொல்லாத. அவன்கிட்டதான் இருக்கு, தரமாட்டேங்குறான்னு சொல்லு."

கிளீவ் தபால் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

துணிச்சலாக இருந்தது என்று நினைக்காதே. ரைஃபிளைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது ஒன்று; குழு முன்னால் நின்று, நான் பார்க்காததைப் பார்த்ததுபோல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்வது வேறொன்று. அதைச் செய்வேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ கெட்டிக்காரி, நீ பேசினாலே போதும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது.

எம்மெட்


நாக்னெக்
ஆகஸ்ட் 30, 1973

எம்மெட்,

பிரித்துவிட்டேன்.

என் நோட்டுப் பக்கத்தின் பிரதியைக் குழுவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஆனால் நான் பேசினால் போதாது. நான் ஏப்ரலில் சுட்டது வேறொரு ரைஃபிள், பன்னிரண்டில் ஒன்று. ஓரின் கையில் இருந்ததைச் சுட்டுப் பார்த்தவன் நீ ஒருவன்தான். அறிக்கையில் இருப்பதும் உன் கையெழுத்து. நான் ஆயிரம் பேசினாலும், "அண்ணனே எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் இவ்வளவு நீளக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. பயப்படு. பயந்துகொண்டே வா. ஓரினும் பயந்துகொண்டேதான் அந்தப் புதருக்குள் இறங்கினான்.

செப்டம்பர் 14, காலை பத்து மணி, ஆங்கரேஜ். நான் முந்தின நாள் விமானத்தில் வருகிறேன். ரைஃபிளையும் மிச்சத் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு வா. அதற்கு முன்னால் தெல்மா வீட்டுக்குப் போ. கதவைத் தட்டிவிட்டு என்ன பேசுவது என்று யோசிக்காதே. விறகு பிளக்க ஆள் இல்லாமல் இருக்கிறாள், கோடரி பின்பக்கம் இருக்கிறது.

வெர்னா


ஆங்கரேஜ்
செப்டம்பர் 25, 1973

வெர்னா,

மூடுபனியால் ஒரு விமானமும் நாக்னெக்கிலிருந்து கிளம்பவில்லை என்று உன் செய்தி எனக்கு 14-ஆம் தேதி காலை ஒன்பதே காலுக்குத்தான் வந்தது. படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இப்போது நான் பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதுதான். உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

உள்ளே நீள மேசை, குழுவில் ஐந்து பேர். தலைவர் ஒரு பழைய விமானி, காது கொஞ்சம் மந்தம். ஓரின் வலது கையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரெஸ்காட் முதலில் பேசினார். நன்றாகப் பேசினார். உன் பெயரைச் சொல்லி, "வேலைய விட்டு அனுப்பப்பட்ட ஒரு பெண்மணி புகார் எழுதியிருக்காங்க. ஆனா இன்னிக்கு வந்து சொல்லக்கூட அவங்க வரல" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"மூடுபனி, சார். அவ வராம இருக்கிறவ இல்ல. அவ சொல்ல வந்தத நான் சொல்றேன்" என்றேன்.

பிரெஸ்காட் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "இதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான். புதருக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கல. பாத்த மாதிரி போட்டேன்."

"அப்போ பொய் சொன்னீங்க. இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு இவங்க எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். வெளிய மழை பேஞ்சுக்கிட்டு இருக்கு. துப்பாக்கி வண்டியில இருக்கு."

தலைவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொல்றாரு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். அவர் சொன்னார். தலைவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே ஒரு சரளைக் குழிக்குப் போனோம், எட்டுப் பேர், மூன்று வண்டியில். நான் ரைஃபிளை எடுத்தேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ வேணாம். நீ பாதிதான் இழுத்தேன்னு இவரு சொல்வாரு. பிரெஸ்காட், நீங்களே சுடுங்க."

பிரெஸ்காட்டுக்குச் சுடத் தெரியும். அழகாகச் சுட்டார். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு நொடி நிறுத்தித் தள்ளினார். பத்து. பதினைந்து. உறைகள் ஒவ்வொன்றாகச் சரளையில் விழுந்தன. ஒரு துப்பாக்கி சிக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன், வெர்னா. இருபத்தைந்து. முப்பது. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரின் மட்டும் அசையாமல் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்து மூன்றாவது. சுட்டார், இழுத்தார், நிறுத்தினார். ஒன்றும் விழவில்லை.

தொப்பிகளில் மழை விழுகிற சத்தம்தான். பிரெஸ்காட் குனிந்து உள்ளே பார்த்தார். உறை உள்ளே இருந்தது. ஓரின் பக்கத்தில் போய், கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலேயே, மெதுவாகக் கேட்டான்: "முழுசா இழுத்தீங்களா, சார்?"

அவ்வளவுதான் கேட்டான். பிரெஸ்காட் ரைஃபிளை என்னிடம் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. தலைவர்தான் வாங்கிக்கொண்டார்.

ஓரின் உரிமம் அவனிடமே இருக்கிறது. அறிக்கையில் அவன்மேல் எழுதியதை அடித்துவிட்டார்கள். பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு என் உரிமத்தை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவிட்டார்கள். தலைவர் சொல்லும்போது நேராக என் முகத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். சரியான தண்டனை. மற்ற பதினொரு ரைஃபிளையும் நானே பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன், அவர்கள் கேட்கும் முன்பே. பத்திரிகையில் பக்கம் போய்விட்டது. எட்டில் ஆறு பேர் வரவில்லை என்று தந்தி அடித்துவிட்டார்கள். பல் டாக்டர் வெக்ஸ்லர் அடுத்த மே மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

தெல்மாவுக்கு விறகு பிளந்து கொடுத்தேன். இரண்டாம் நாள்தான் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கலாமா?

எம்மெட்


நாக்னெக்
அக்டோபர் 3, 1973

எம்மெட்,

அதை நீ ஓரினைக் கேட்க வேண்டும். அவன் என்ன சொல்கிறானோ அதுதான் என் பதிலும்.

மூடுபனியில் இரண்டு நாள் விமானத் திடலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ பேச மாட்டாய் என்றுதான் நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன். இதை இன்னொரு முறை எழுத மாட்டேன், அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

மே மாதம் முகாம் நடக்கும். என் பெயரில் முழு உரிமம் இருக்கிறது, நான் நடத்துகிறேன். உன் ஒரு வருஷம் முடிகிற வரைக்கும் நீ வேட்டைக்காரர்கள் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கக் கூடாது. படகு இருக்கிறது, கூடாரம் இருக்கிறது, கழுவ வேண்டிய பாத்திரம் நிறைய இருக்கிறது. அவரவருக்குப் பிடித்த ரைஃபிளை அவரவர் எடுத்து வரட்டும். பழையதோ புதியதோ, யார் செய்ததோ, எனக்குக் கவலை இல்லை. மழையில் என் முன்னால் சுட்டுக் காட்டாமல் எதுவும் புதருக்குள் போகாது. என்னுடையதும் சேர்த்துத்தான்.

ஓரின் வருகிறான். இடது தோளில் வைத்துச் சுடப் பழகுகிறான். மேல் ஓடைக்கு அவனே போவானாம். "டாக்டரோட நானே போறேன். அந்த ஆளுக்கு இன்னும் கரடிய எங்க சுடணும்னு தெரியல" என்று தெல்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

இன்னொரு விஷயம். போன வாரம் கம்பெனியின் வக்கீலிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. தடித்த தாள், நான்கு பக்கம். ஏப்ரலில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்று, அந்த ரைஃபிளில் குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் வழக்குப் போடுவார்களாம். ஒரு பேனாவும் கூடவே வைத்து அனுப்பியிருந்தார்கள்.

நல்ல பேனா. அதிலேயே பதில் எழுதினேன்:

"ஐயா, நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. வழக்குப் போடுங்கள், வருகிறேன். மூடுபனிக்கு இடம் விட்டு ஒரு வாரம் முன்னதாகவே கிளம்புவேன். அதற்குள் உங்களுக்குச் சந்தேகம் வந்தால், உங்கள் ரைஃபிளை எடுத்துக்கொண்டு நாக்னெக்குக்கு வாருங்கள். நான் என்னுடையதை எடுத்து வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து ஆல்டர் புதருக்குள் போவோம். யார் முன்னால் நடப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள்."

இன்று காலைத் தபால் விமானம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

வெர்னா